வாரண்ட் இல்லாத சோதனை செல்லுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கிறோம். சென்ற மாதம் இரவு பத்து மணிக்குக் காவல்துறையினர் நால்வர் வந்து, திருட்டு செல்போன்களைத் தேடுவதாகச் சொல்லி வீட்டைச் சோதித்தார்கள். வாரண்ட் எதுவும் காட்டாமல் என் மகனுடைய லேப்டாப்பை எடுத்துச் சென்றுவிட்டார்கள். இது சட்டப்படி சரியா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வாரண்ட் இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்தச் சோதனை சட்டவிரோதமாகிவிடாது. வீடும் உடைமைகளும் சோதனைக்கு உள்ளாகாதிருக்கும் உரிமையை 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் 14ஆம் பிரிவில் தருகிறது. ஆயினும் 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 22ஆம் பிரிவில், இரண்டு சூழ்நிலைகளில் வாரண்ட் இல்லாத சோதனையை அனுமதிக்கிறது. வீட்டுக்குரியவர் சம்மதிப்பது ஒன்று. கேட்டிருந்தால் வாரண்ட் கிடைத்திருக்கும் என்றும், அதை வாங்கி வருவதற்குள் பொருள் கைநழுவிப் போகும் என்றும் காவலர் தக்க காரணங்களோடு நம்புவது மற்றொன்று. இந்த இரண்டு நம்பிக்கைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். வெறும் சந்தேகம் போதாது.

ஆகவே வாசலில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே முதலில் எழும் கேள்வி. சீருடையைக் கண்டதும் "உள்ளே வாங்க, பாருங்க" என்று சொல்லிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த மரியாதையே பின்னர் சம்மதமாகப் பதிவாகிவிடக்கூடும். அச்சத்தால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றிருந்தீர்களானால், அது சம்மதமல்ல என்று வழக்கறிஞர் வலுவாகவே வாதிடலாம். யார் என்ன பேசினார்கள் என்பதை நினைவு மங்கும் முன் எழுதி வையுங்கள்.

வாரண்டோடு வந்திருந்தாலும் எல்லைகள் உண்டு. வழங்கியவர் எழுத்தில் இரவுக்கு அனுமதி தராதவரை அதைப் பகலில்தான் நிறைவேற்ற வேண்டும். எந்தக் குற்றம், எந்த இடம், எந்தப் பொருள் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2011இல் வான் டெர் மெர்வே வழக்கில் வலியுறுத்தியது. சோதனை முடிந்ததும் பாதிக்கப்பட்டவர் கேட்டால் வாரண்டின் நகலைத் தந்தாக வேண்டும். பெண்ணின் உடலைப் பெண்ணே சோதிக்க வேண்டும் என்பது வாரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

லேப்டாப்பைப் பொறுத்தவரை, காவல் நிலையத்தில் கைப்பற்றிய பொருள்களைக் குறித்து வைக்கும் எஸ்.ஏ.பி. 13 பதிவேட்டில் அது எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். வழக்குத் தொடரப்படாவிட்டாலோ சாட்சியத்துக்குத் தேவைப்படாவிட்டாலோ, சட்டப்படி அதை வைத்திருக்க உரிமையுள்ளவரிடமே திருப்பித் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. இழப்பீடு கோர எண்ணினால் தாமதிக்க வேண்டாம். அரசுத் துறைக்கு எழுத்துமூல அறிவிப்பை ஆறு மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும், அதில் ஒரு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.