‘69-வது அடி’ என்று ஒரு படை கிடையாது

கேள்வி: கிழக்கிந்திய கம்பெனி காலத்து ஆங்கில வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘ஃபுட்’ (foot) என்ற சொல் வரும் இடமெல்லாம் மாட்டிக்கொள்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘69த் ஃபுட்’டை ‘69-வது அடி’ என்கிறது. ‘300 ஹார்ஸ் அண்ட் 700 ஃபுட்’ என்பது ‘300 குதிரைகளும் 700 அடிகளும்’ ஆகிவிடுகிறது. எந்த இடத்தில் என்ன பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. மலையடி, பக்கத்தின் அடி, ஆறடிச் சுவர் என்று பாதி இடங்களில் நம் ‘அடி’ கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. அந்தத் தைரியத்தில் மீதி இடங்களிலும் அதையே போட்டுவிடுகிறோம். ‘ஃபுட்’டுக்கு முன்னும் பின்னும் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தமிழுக்கு வர வேண்டும்.

முதலில் ராணுவம். அக்காலப் பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமென்டுகளுக்கு எண்தான் அடையாளம். 69த் ஃபுட் என்றால் 69-வது காலாட்படை ரெஜிமென்ட். 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர் படை இதைச் சேர்ந்ததுதான். 1754-இல் வந்த 39த் ஃபுட், இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் அரச ரெஜிமென்ட்; ‘இந்தியாவில் முதலாவது’ என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தையே விருதுவாக்காக வைத்துக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் ‘ஹெச்.எம்.’ (ஹிஸ் மெஜஸ்டிஸ்) என்று இருந்தால் அது அரசரின் படை, கம்பெனிப் படை அல்ல. இந்த வேறுபாட்டைத் தமிழிலும் விட்டுவிடாதீர்கள்.

‘300 ஹார்ஸ்’ என்பது 300 குதிரைவீரர்கள், ‘700 ஃபுட்’ என்பது 700 காலாட்கள். வீரர்களைக் குறிக்கும்போது எத்தனை பேரானாலும் ‘ஃபீட்’ ஆகாது. இதை மட்டும் நம்பி முடிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் ‘டென் ஃபுட் வால்’ என்று அளவிலும் ‘ஃபுட்’ அப்படியே நிற்கும். பக்கத்தில் ‘ஹார்ஸ்’, ‘கன்ஸ்’ இருக்கிறதா, அல்லது சுவர், அகழி, உயரம், ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது ‘செட் ஆன் ஃபுட்’. வெறும் ‘ஆன் ஃபுட்’ என்றால் கால்நடையாக. ‘செட்’ சேர்ந்தால் தொடங்கிவைப்பது. ‘எ சப்ஸ்கிரிப்ஷன் வாஸ் செட் ஆன் ஃபுட்’ என்று இருந்தால் நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள் என்று அர்த்தம். வீடுவீடாக நடந்து வசூலித்ததாக எழுதிவிடாதீர்கள்! பேச்சுவார்த்தை, விசாரணை, சதி எல்லாவற்றுக்கும் அக்கால எழுத்தாளர்கள் இதைத்தான் போடுவார்கள்.

கணக்குப் பகுதியில் ‘ஃபுட்டட் அப்’ வந்தால், கூட்டிப் பார்த்ததில் இவ்வளவு என்று பொருள். எண் வரிசையின் அடியில் மொத்தத்தை எழுதும் பழக்கத்திலிருந்து வந்தது. இன்றைய ‘ஃபுட் தி பில்’ இதன் வழிவந்ததுதான், ஆனால் அதற்குப் பணம் கட்டுவது என்று பொருள். ‘ஃபுட்மேன்’ அக்கால நூல்களில் பெரும்பாலும் சீருடை போட்ட வீட்டு வேலையாள். ‘ஃபுட்பேட்’ குதிரையில்லாத வழிப்பறிக்காரன்.

யாப்பைப் பற்றிய பத்தி ஏதாவது வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குறளில் முதல் வரியில் நான்கு ‘ஃபீட்’, இரண்டாவதில் மூன்று என்று ஐரோப்பியர் எழுதியிருந்தால், அங்கே ‘ஃபுட்’ என்பது சீர். நம் யாப்பில் அடி என்றால் முழு வரி. அப்படியே பெயர்த்தால் ஒன்றே முக்கால் அடிக் குறள் ஏழடிப் பாட்டாகிவிடும்.

அளவாக வரும் அடியை மீட்டராக்க வேண்டாம். நம் வாசகர்களுக்கு அடி பழக்கமானது. ஆனால் புதுச்சேரியைப் பற்றிய அத்தியாயத்தில் பிரெஞ்சு ஆவணங்களிலிருந்து அளவுகள் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய பிரெஞ்சு அடி சுமார் 32.48 சென்டிமீட்டர், இன்றைய ஆங்கில அடி 30.48. 100 பிரெஞ்சு அடிச் சுவர் ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ 106½ அடி. நூலாசிரியர் மாற்றித் தந்திருக்கிறாரா என்று தெரியாவிட்டால், ‘பிரெஞ்சு அடியாக இருக்கலாம்’ என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிடுங்கள்.