அஜிகன் பற்றி நீங்கள் கேட்டவை, நான் சொன்னவை

ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ஜப்பானிய ராக் குழுவைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாயைக் கொடுத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். பெயர் நீளம் என்பதால் ஜப்பான்காரர்களே ‘அஜிகன்’ என்று சுருக்கிவிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இவர்கள் பாட்டைத் தேடி எடுக்கும்போது ஆண்டைப் பாருங்கள், 2004-ஆ, 2016-ஆ என்று. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

மொட்டைமாடி: குங்ஃபூவுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? சீனக் குழுவா?

ஒரு சம்பந்தமும் இல்லை. நாலு பேரும் ஜப்பான்காரர்கள். யோகோஹாமாவில் உள்ள கான்டோ காகுயின் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1996-இல் சேர்ந்தவர்கள். மசஃபுமி கோட்டோ பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர். கென்சுகே கிட்டா இன்னொரு கிட்டார் (ஆமாம், கிட்டாவின் கிட்டார், சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்). தகாஹிரோ யமாடா பேஸ் கிட்டார், கியோஷி இஜிச்சி டிரம்ஸ். இன்று வரை ஒருவரும் விலகவில்லை, புதிதாக ஒருவரும் சேரவில்லை. ராக் குழுக்களில் இது எவ்வளவு அபூர்வம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நாலு குடும்பப் பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

நள்ளிரவு நரி: ‘ஹருகா கனாட்டா’வை நரூட்டோவுக்காகவே எழுதினார்கள் என்கிறான் என் நண்பன். உண்மையா அண்ணா?

பொய். தேதியைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பாட்டு 2002 நவம்பரில், பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத காலத்தில் அவர்கள் வெளியிட்ட ‘ஹோகாய் ஆம்ப்ளிஃபையர்’ என்ற சின்னக் குறுந்தட்டின் முதல் பாட்டு. நரூட்டோ என்ற நிஞ்ஜா அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடரில் அது இரண்டாவது ஓப்பனிங்காக, அதாவது தொடக்கப் பாட்டாக, ஒலிக்கத் தொடங்கியது 2003 ஏப்ரலில். அதே மாதம் சோனி மியூசிக்கைச் சேர்ந்த கியூன் நிறுவனம் அந்தக் குறுந்தட்டையே மறுபடி வெளியிட்டது. பாட்டு முந்தியது, நிஞ்ஜா பிந்தியவன்.

இருந்தாலும் உங்கள் நண்பன் அப்படி நினைத்ததில் தப்பில்லை. யமாடாவின் பேஸ் தனியாக உறுமிக்கொண்டு வரும், பிறகு கிட்டார்களும் டிரம்ஸும் ஒன்றாக வந்து மோதும். ‘ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன்’ என்று தொடங்கும் பாட்டு, ஓடிக்கொண்டே இருக்கும் பையனின் கதைக்கு அளவெடுத்துத் தைத்தது போலத்தான் இருக்கிறது. நான் இதை முதலில் கேட்டது ஒரு பிரவுசிங் சென்டரில், காதில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்த ஹெட்போனில். ஒன்றரை நிமிடத்தோடு பாட்டு முடிந்துவிடும் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். முழுப் பாட்டு நாலு நிமிடம் என்று தெரிந்த அன்றுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

கடைசி பெஞ்ச்: ‘சிலுவெட்’ பாட்டை எந்த ஆண்டு பாடினார்கள்?

பாடவே இல்லை. அதுவும் நரூட்டோ பாட்டுதான், ஆனால் பாடியது கானா-பூன் என்ற வேறு குழு, 2014. குழப்பத்துக்கு ஒரு நியாயம் உண்டு. கானா-பூன் பையன்கள் அஜிகனைக் கேட்டு வளர்ந்தவர்கள், 2012-இல் அதே கியூன் நிறுவனம் நடத்திய தேர்வில் ஜெயித்து வந்தவர்கள். சாயல் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஆள் வேறு.

வெல்லப்பாகு: ஒரே அனிமேவுக்கு எதற்கு இத்தனை ஓப்பனிங்? பாட்டு பிடித்துப்போகிற நேரத்தில் மாற்றிவிடுகிறார்களே!

நல்ல கேள்வி. ஜப்பானில் இதற்கு ‘டை-அப்’ என்று பெயர். ஒரு அனிமே தொடரைப் பெரும்பாலும் ஒரே நிறுவனம் தயாரிப்பதில்லை. பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மைக் கம்பெனி, இசை நிறுவனம் எல்லாம் சேர்ந்து பணம் போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைப்பார்கள். இசை நிறுவனம் தன் பங்குக்கு எதிர்பார்ப்பது அந்த ஒன்றரை நிமிடம். வாரா வாரம் லட்சக்கணக்கான பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் தன் குழுவின் பாட்டு ஓட வேண்டும். ஒரு பாட்டை இரண்டு வருடம் ஓட்டினால் ஒரு குறுந்தட்டுதான் விற்கும். மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால்? முதல் நரூட்டோவுக்கு 9 ஓப்பனிங், அதன் தொடர்ச்சியான ஷிப்புடெனுக்கு 20. கணக்கு உங்களுக்கே புரியும்.

இதனால் பாட்டின் உடம்பே மாறியது. 90 வினாடிக்குள் முன்னிசை, ஒரு சரணம், பல்லவி எல்லாம் வந்தாக வேண்டும். நின்று நிதானமாகத் தொடங்கும் பாட்டுக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

சுக்குக்காபி: ‘ப்ளூ பேர்ட்’?

அதுவும் நரூட்டோ பாட்டுதான், பாடியது இகிமோனோ-ககாரி என்ற குழு. பெண் குரல் அம்மா அது.

பேஸ்மென்ட் பாலு: இவர்கள் பாடிய அனிமே பாட்டு எல்லாவற்றையும் பட்டியல் போடுங்களேன்.

பட்டியல் போட்டால் அதைக் காப்பி எடுத்துக்கொண்டு பாட்டைக் கேட்காமலே போய்விடுவீர்கள். வாய்வார்த்தையாகச் சொல்கிறேன். ஹருகா கனாட்டாவுக்கு அப்புறம் 2004-இல் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் நாலாவது ஓப்பனிங் ‘ரீரைட்’. 2006-இல் டெக்கான்கின்க்ரீட் படத்துக்கு ஒன்று. 2007-இல் ப்ளீச்சுக்கு ‘ஆஃப்டர் டார்க்’, ஏழாவது ஓப்பனிங். 2010-இல் டாட்டாமி கேலக்ஸி. 2012-இல் ‘ரோடு டு நிஞ்ஜா’ படத்துக்கு ஒன்று. 2016-இல் எரேஸ்டு தொடருக்கு ‘ரீ:ரீ:’, அதே வருடம் ஷிப்புடெனுக்கு ‘பிளட் சர்க்குலேட்டர்’. 2019-இல் டொரோரோ. 2021-இல் மை ஹீரோ அகாடெமியா படத்துக்கு ‘எம்பதி’.

கால் நூற்றாண்டு ஓட்டத்தில் இது ஒரு கைப்பிடிதான். ‘அனிமே குழு’ என்று இவர்களைச் சொல்கிறவர்கள் ஆல்பங்களைக் கேட்டதில்லை என்று அர்த்தம். வீசர், ஒயாசிஸ், உள்ளூரில் நம்பர் கேர்ள் என்று கேட்டு வளர்ந்த, மூக்குக்கண்ணாடி போட்ட கல்லூரிப் பையன்கள் இவர்கள். அனிமே வழியில் வந்து ஏறிக்கொண்டது.

தயிர்வடை: ‘ரீரைட்’ பாட்டில் கத்துவது என்ன? எனக்கு ஏதோ கெட்ட வார்த்தை மாதிரிக் கேட்கிறது.

‘கெஷித்தே, ரீரைட்டோ ஷித்தே.’ அழி, அழித்துவிட்டுத் திருப்பி எழுது. உங்கள் காதில்தான் கோளாறு. சரி, எந்த ஆண்டு பதிவைக் கேட்டீர்கள்? 2004-ஆ, 2016-ஆ?

கேசட் மூடி: இதை நானே கேட்க இருந்தேன். 2016 பதிவுதான் மேல். 2004-இல் குரல் கிழிகிறது, சத்தமெல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கிடக்கிறது. ஒத்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டது வம்பு. தெரியாதவர்களுக்காக: 2004 அக்டோபரில் வந்த ‘சோல்-ஃபா’ இவர்களின் இரண்டாவது முழு ஆல்பம், ஒரிகான் என்ற ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. குழுவின் இருபதாம் ஆண்டுக்காக அதே ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி வாசித்துப் பதிவு செய்து 2016 நவம்பர் 30-இல் வெளியிட்டார்கள். பெயர் அதே. படம் வேறு. தேடினால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பாதிப் பேர் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்கிறார்கள்.

கேசட் மூடிக்கு என் பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் பதிவில் கோட்டோவுக்கு 27 வயது. ‘ஷித்தே’ என்று முடிக்கும் இடத்தில் தொண்டை உரசுகிறதே, அதுதான் பாட்டு. இரண்டாவது வெளியானபோது நாற்பது நிறைய இரண்டே நாள் பாக்கி. அழகாகப் பாடுகிறார். தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் ‘அழி’ என்று சொல்கிறவர் இவ்வளவு நிதானமாகவா சொல்வார்?

கேசட் மூடி: அப்படியென்றால் ‘ரீ:ரீ:’க்கு என்ன சொல்கிறீர்கள்?

ம். அங்கே மடக்கிவிட்டீர்கள். ‘ரீ:ரீ:’ 2004 ஆல்பத்தில் எட்டாவதாக ஒளிந்திருந்த பாட்டு. மேடையில் வாசித்து வாசித்து முன்னிசை நீண்டு, வேறு ஆளாகவே வளர்ந்துவிட்டது. எரேஸ்டு தொடருக்காக 2016-இல் மறுபடி பதிவு செய்தபோது அந்த மேடை வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கிட்டார் மெல்ல மெல்ல ஏறி வருவது 2016-இல்தான் சரியாக இருக்கிறது. அந்த ஒரு பாட்டுக்கு உங்கள் கட்சி. இதுவும் தொடருக்காக எழுதியதல்ல, பன்னிரண்டு வயதான பாட்டு என்பதைக் கவனியுங்கள்.

மொட்டைமாடி: நான் இரண்டையும் இப்போதுதான் அடுத்தடுத்துக் கேட்டேன். 2016-இல் பாட்டுகளின் வரிசையே மாறியிருக்கிறதே?

சபாஷ், காது இருக்கிறது உங்களுக்கு. பழையதில் கடைசியாக வந்த ‘லூப் அண்ட் லூப்’ புதியதில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. ‘கைகன்-தோரி’, அதாவது கடற்கரைச் சாலை, கடைசிக்குப் போனது. பழைய ஆல்பம் குதித்துக்கொண்டு முடியும். புதியது கடலைப் பார்த்துக்கொண்டு முடிகிறது. வயசுதான், வேறென்ன.

தயிர்வடை: நான் கேட்டது 2016.

அதுதானே பார்த்தேன்.

நள்ளிரவு நரி: டாட்டாமி கேலக்ஸி பாட்டு பற்றி ஒரு வரியோடு போய்விட்டீர்களே.

காத்திருந்த கேள்வி. அஜிகன் குறுந்தட்டு அட்டைகளில் ஒரு பெண் ஓரமாகப் பார்த்தபடி நிற்பாளே, அந்தப் படங்களை வரைபவர் யூசுகே நகமுரா. 2002-இன் முதல் சின்னக் குறுந்தட்டிலிருந்தே அவர்தான். தொமிஹிகோ மொரிமி என்ற எழுத்தாளரின் கியோட்டோ நாவலுக்கும் அட்டை வரைந்தவர் அவரே. 2010-இல் இயக்குநர் மசாஅகி யுவாசா மொரிமியின் டாட்டாமி கேலக்ஸியை அனிமேவாக எடுத்தபோது பாத்திரங்களின் மூல உருவத்தை நகமுரா வரைந்தார், ஓப்பனிங் அஜிகனுக்குப் போனது. அட்டைப்படத்துப் பெண் எழுந்து நடந்தது போல ஆகிவிட்டது. நிறுவனம் கோத்துவிட்ட உறவாக இது எனக்குத் தோன்றவில்லை.

அந்த உறவு 2017-இல் ‘நைட் இஸ் ஷார்ட், வாக் ஆன் கேர்ள்’ படத்திலும் 2022-இல் ‘டாட்டாமி டைம் மெஷின் ப்ளூஸ்’ தொடரிலும் தொடர்ந்தது. அந்த 2022 பாட்டின் பெயர் ‘தெமாச்சியனாகி பேரலல் யுனிவர்ஸ்’. தெமாச்சியனாகி என்பது கியோட்டோவில் ஒரு ரயில் நிலையம். அடுத்த வருடம் அதே மெட்டு ‘யனாகிகோஜி பேரலல் யுனிவர்ஸ்’ என்று வேறொரு ரயில் நிலையத்தின் பெயரில் ஓர் ஆல்பத்தில் வந்தது. இணைப் பிரபஞ்சம் என்று பெயர் வைத்துவிட்டு, பாட்டையே இரண்டு ஊரில் வாழ விட்டிருக்கிறார்கள்! எனக்கு இதைவிடப் பிடித்த விளையாட்டு இவர்கள் வாழ்க்கையில் வேறு இல்லை.

மண்பானை: அது என்ன ரயில் நிலைய ஆல்பம்?

‘சர்ஃப் புங்காகு காமகுரா’. டோக்கியோவுக்குத் தெற்கே ஃபுஜிசாவாவிலிருந்து காமகுரா வரை பத்து கிலோமீட்டருக்கு எனோடென் என்ற குட்டி ரயில் ஓடுகிறது. வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போய்ச் சட்டென்று கடலுக்கு முன்னால் வந்து நிற்கும். 2008-இல் அந்தத் தடத்து நிலையங்களின் பெயரில் பத்துப் பாட்டு போட்டார்கள். மொத்தம் பதினைந்து நிலையம். மீதி ஐந்துக்கு ரசிகர்கள் பதினைந்து வருடம் காத்திருந்தோம். 2023-இல் முழுப் பதிப்பு வந்தது.

முதல் பதிப்பில் விட்டுப்போன நிலையங்களில் காமகுரா-கோகோ-மாயேவும் ஒன்று. ஸ்லாம் டங்க் அனிமேவில் வரும் கடலோர ரயில்வே கேட் அந்த நிலையத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. அனிமே குழு என்று பெயர் வாங்கியவர்கள், அனிமே ரசிகர்கள் கேமராவோடு போய் நிற்கும் நிலையத்தையே தாண்டிப் போயிருக்கிறார்கள்.

கடைசி பெஞ்ச்: ‘கோ!!!’ பாட்டு இவர்களுடையதுதானே? நாலாவது ஓப்பனிங்.

ஃப்ளோ என்ற குழு. தம்பி, நரூட்டோ ஒரு பொதுக் கிணறு, பல பேர் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். இதே கேள்வியை இன்னும் ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆறு பேருக்கும் இதே பதில்.

வெல்லப்பாகு: ‘போச்சி தி ராக்’ பார்த்துத்தான் இவர்களைத் தேடி வந்தேன். அதற்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?

முதல் பதிலில் மனதில் வைக்கச் சொன்ன நாலு பெயர்களை எடுங்கள். கோட்டோ, கிட்டா, யமாடா, இஜிச்சி. ராக் குழு நடத்தும் பெண்களின் கதை அந்த அனிமே, அதன் நாலு பெண்களின் குடும்பப் பெயர்கள் அவையேதான். யமாடா அங்கேயும் பேஸ், இஜிச்சி அங்கேயும் டிரம்ஸ். கோட்டோவையும் கிட்டாவையும் மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அங்கே முன்னால் நின்று பாடுவது கிட்டா, கூச்சத்தில் சுருண்டு கிட்டார் வாசிப்பது கோட்டோ.

2022-இன் கடைசி அத்தியாயம் முடியும்போது அந்தக் கூச்சக்காரியின் குரலில் ஒரு பாட்டு வரும். அது அஜிகன் 2008-இல் வெளியிட்ட ‘கொரொகாரு இவா, கிமி நி அசா ங்க ஃபுரு’. உருளும் கல், உன்மேல் காலை பொழிகிறது என்று அர்த்தம். வெளியாகிப் பதினாலு வருடம் கழித்து, வெளிவந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் எல்லாம் அதைப் பாடிக்கொண்டு திரிகிறார்கள்.

பேஸ்மென்ட் பாலு: கிட்டார் கற்றுக்கொள்கிறேன். இவர்கள் சத்தம் எப்படி வருகிறது? பெடல் என்ன வாங்கலாம்?

பெடலுக்கு (காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டி) பணத்தை விடாதீர்கள், முதலில் ஆக்டேவ் பழகுங்கள். ஐந்தாவது கம்பியில் ஆள்காட்டி விரல். அதிலிருந்து இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் இருக்கும் கட்டம்) தள்ளி மூன்றாவது கம்பியில் சுண்டுவிரல். நடுவில் இருக்கும் நாலாவது கம்பி பேசக்கூடாது, ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தால் லேசாகத் தொட்டு அடக்குங்கள். இந்தப் பிடியைக் கலைக்காமல் மேலும் கீழும் நகர்த்தினால் ஒரே சுரம் இரண்டு உயரத்தில் சேர்ந்து பாடும். அதுதான் அஜிகன் சத்தம். முதல் வாரம் நாலாவது கம்பி கர்ர் என்று கத்தும், விட்டுவிடாதீர்கள். பழக ‘ரீரைட்’டை எடுங்கள். 2004 பதிவு.

சுக்குக்காபி: அண்ணா, ‘சிலுவெட்’ பாட்டுக்கும் இதே பிடிதானா?

கேட்க வேண்டிய இடம் கானா-பூன். மேலே கடைசி பெஞ்சுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். எனக்கு மணி ஒன்றாகிவிட்டது, மிச்சக் கேள்விகள் அடுத்த ஞாயிறு.