பஞ்சுக்குள் எலும்பு வளருமா?

கேள்வி: மேல்தாடையில் எலும்பு போதாததால் பல் இம்ப்ளான்ட் வைக்க முடியாது என்கிறார் டாக்டர். இடுப்பெலும்பை வெட்டி ஒட்டாமல், புரதம் ஊறிய பஞ்சை வைத்தே எலும்பு வளர்க்கலாமாமே?

பதில்: வளர்க்கலாம். அந்தப் புரதம் பி.எம்.பி-2; எலும்பு வளரத் தூண்டுவது. தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலும் அங்கே புது எலும்பு உருவாவதை 1965-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அதன் தொடர்ச்சிதான் இது. சுற்றியுள்ள ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்கள்) எலும்புச் செல்களாக மாற்றுவது புரதம். கொலாஜன் பஞ்சு, கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல, அதைப் பிடித்துவைப்பது மட்டுமே.

மில்லிலிட்டருக்கு 1.5 மி.கி. உள்ள கரைசலைப் பஞ்சில் சீராக விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். கோட்டைவிடுவது இங்கேதான்: பஞ்சைப் பிழிந்தாலோ, வைத்தபின் அந்த இடத்தைக் கழுவினாலோ புரதம் போய்விடும். ஈறு அழுத்தும் இடமானால் பஞ்சு நசுங்கும். மேலே டைட்டானியம் வலை தேவை. மேல்தாடைக்கு மேலே உள்ள சைனஸ் என்ற காற்றுக் குழியில் வைத்தால் அந்தத் தொல்லை குறைவு.

முகம் நன்றாகவே வீங்கும். (கழுத்துப் பகுதி முதுகெலும்பு அறுவையில் இதே வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்கியதால், 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.) கர்ப்பிணிகள், அந்த இடத்தில் கட்டியோ கிருமித்தொற்றோ உள்ளவர்கள், வளரும் பிள்ளைகளுக்குக் கூடாது. இம்ப்ளான்ட்டுக்குச் சுமார் 6 மாதம் பொறுக்க வேண்டும்.