சங்கத்தில் பேசி முடித்த ரேட்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். எங்கள் பகுதி உற்பத்தியாளர்களுக்கான வாட்ஸ்ஆப் குழுவைக் பெட்டிக்கு மூலப்பொருளான கிராஃப்ட் பேப்பரை விற்கும் ஏஜென்ட் ஒருவர் நடத்துகிறார். பேப்பர் விலை ஏறியதும், குறிப்பிட்ட ஒரு ரேட்டுக்குக் கீழே யாரும் கொட்டேஷன் கொடுக்கக் கூடாது என்று சங்கச் செயலாளர் அதில் எழுதினார். பலர் கட்டைவிரல் குறி போட்டார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்து வரும் அரசு டெண்டரை எனக்கு விட்டுத்தருவதாகவும், அதற்கடுத்த டெண்டரில் நான் கூடுதல் ரேட் போட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் இப்போது சொல்கிறார்கள். நஷ்டத்தைத் தவிர்க்க ஒன்றுசேர்வது குற்றமா? பேப்பர் மில்கள் மட்டும் ஒரே சமயத்தில் விலையை ஏற்றுகின்றனவே?
– திருப்பூர் வாசகர்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட இரண்டு ஏற்பாடுகளும் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்பவை. பேப்பர் விலை ஏறும்போது உங்கள் பெட்டியின் விலையை ஏற்றுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து யூனிட்காரரும் அதே காரணத்தால் தம் விலையை ஏற்றலாம். அந்த முடிவை அவரவர் தனித்து எடுக்காமல், போட்டியாளர்கள் கூடிப் பேசி எடுப்பதுதான் தவறு. விலையை நிர்ணயிப்பது, உற்பத்தியையோ விநியோகத்தையோ கட்டுப்படுத்துவது, வாடிக்கையாளர்களையோ பகுதிகளையோ பங்குபோட்டுக்கொள்வது, டெண்டரில் கூட்டுச் சேர்வது ஆகிய நான்கையும் சட்டத்தின் 3(3) பிரிவு தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. போட்டியாளர்களுக்குள் இவற்றில் ஒன்று நடந்ததாகத் தெரிந்தால், அதனால் சந்தைக்குக் கேடு விளைந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். கேடில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். லாபம் வைக்கவில்லை, நஷ்டத்தைத் தவிர்க்கவே கூடினோம் என்ற பதில் அந்தச் சுமையை இறக்கிவிடாது. உற்பத்தியாளருக்கும் டீலருக்கும் இடையிலான நிபந்தனைகள் வேறு வகை. அவற்றில் உண்மையான விளைவை எடைபோட்டுப் பார்த்த பிறகே, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் முடிவுக்கு வரும்.

எழுத்தில் எதுவும் இல்லையே என்று உங்கள் சங்கத்தார் ஆறுதல் சொல்லக்கூடும். சட்டத்தின் 2(b) பிரிவு ஒப்பந்தம் என்பதை மிக விரிவாக வரையறுக்கிறது. முறையான பத்திரமோ கையெழுத்தோ தேவையில்லை. ஒரு புரிந்துணர்வும், இசைந்து செயல்படுவதும்கூட அதில் அடங்கும். அப்படியிருக்க, கட்டைவிரல் குறி போட்டவர்கள் தப்பிக்கும் வழி குறுகலானது. உங்கள் மௌனத்தைப் பற்றி அவ்வளவு அறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், அந்தப் பதிவுக்குப் பிறகு நீங்கள் கொடுத்த கொட்டேஷன்கள் அதே ரேட்டை ஒட்டியிருந்தால், மௌனத்தையே சம்மதமாக வாதிட இடமுண்டு. குழுவை நடத்தும் ஏஜென்ட் பெட்டி செய்பவர் அல்லர். ஆயினும் 2023-இல் வந்த திருத்தத்தின்படி, அதே தொழிலில் இல்லாதவரும் இத்தகைய ஏற்பாடு நிறைவேறப் பங்கெடுத்தால் அதில் ஒரு தரப்பாகவே கருதப்படுவார்.

டெண்டர் விஷயம் இதைவிடக் கனமானது. தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்காக இந்திய உணவுக் கழகம் 2009-இல் கோரிய டெண்டரில், மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரே விலையை எழுதியிருந்தன. செலவும் ஆலை இருக்கும் இடமும் வேறுபடும் மூவரின் விலை ஒரு ரூபாய்கூட வேறுபடாமல் இருப்பதற்கும், முந்தைய டெண்டர்களிலும் அவ்வாறே நடந்திருந்ததற்கும் ஏற்கத்தக்க விளக்கம் கிடைக்கவில்லை. அது கூட்டுதான் என்ற ஆணையத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் 2017-இல் உறுதி செய்தது. போட்டிச் சட்டத்தின் இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே 20 அன்றுதான், டெண்டர் அதற்குச் சில நாள் முன்பே விடப்பட்டுவிட்டது என்ற வாதமும் எடுபடவில்லை.

ஆனால் அடுத்த ஆண்டே, சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில் அதே நீதிமன்றம் தண்டத்தை ரத்து செய்தது. அங்கும் விலைகள் ஒத்திருந்தன; டெண்டருக்கு முன் சங்கக் கூட்டமும் நடந்திருந்தது. எனினும் வாங்குபவை மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மட்டுமே என்பதாலும், விலையின் கடிவாளம் பெரும்பாலும் அவற்றின் கையில் இருந்ததாலும், விலை ஒத்துப்போனதற்குச் சந்தையின் அமைப்பே காரணமாக இருக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. மில்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கான பதிலும் இதில் இருக்கிறது. கழிவுக் காகிதத்தின் விலை எல்லோருக்கும் ஒருசேர ஏறினால் கிராஃப்ட் பேப்பர் விலையும் ஒருசேர ஏறக்கூடும். அதை மட்டும் வைத்துக் கூட்டு என்று சொல்லிவிட முடியாது. பேசி வைத்துக்கொண்டதற்கான தடயம் வேண்டும். உங்கள் குழுவிலோ அந்தத் தடயம் தேதியோடும் நேரத்தோடும் இருக்கிறது.

சிறிய யூனிட்டை ஆணையம் கண்டுகொள்ளாது என்று நம்ப வேண்டாம். கூட்டு விஷயத்தில் சட்டம் எந்த விற்றுமுதல் வரம்பையும் வைக்கவில்லை. ஆயினும் ஆணையம் எப்போதும் இரக்கமற்றது என்று சொல்வதும் சரியல்ல. விவசாயக் கழிவிலிருந்தும் மறுசுழற்சியிலிருந்தும் எழுதுதாள், அச்சுத்தாள் தயாரிக்கும் ஆலைகள் விலை பேசிக்கொண்டதாக 2021 நவம்பரில் முடிவு செய்தபோது, ஆலைகளுக்குத் தலா 5 லட்சம் ரூபாயும், கூடிப் பேச மேடை தந்த சங்கத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் அடையாளத் தண்டமாகவே விதித்தது. ரயில்வேக்கு பிரேக் பிளாக் வழங்கிய சிறு நிறுவனங்களை 2020-இல் தண்டம் ஏதுமின்றி எச்சரித்து விட்டது. அவை சலுகைகள், உரிமைகள் அல்ல. சட்டப்படி, கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை தண்டம் விதிக்கலாம். நிறுவனத்தை நடத்தும் தனிநபர்களும் பொறுப்பாவார்கள்.

முதலில், அந்த டெண்டர் ஏற்பாட்டை ஏற்காதீர்கள். உங்களுக்குச் சாதகமான முதல் பாதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விலை பற்றிய பேச்சில் உங்களுக்குப் பங்கில்லை, உங்கள் விலையை நீங்களே தீர்மானிப்பீர்கள் என்று குழுவில் இரண்டு வரி எழுதிவிட்டு வெளியேறுங்கள். எழுதாமல் வெளியேறினால் நீங்கள் மறுத்ததற்குப் பதிவு இருக்காது. பழைய உரையாடல்களை அழிக்காதீர்கள். விசாரணை என்று வந்தால் உங்களைக் காப்பவை அவையாக இருக்கலாம். ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றமும்கூட.

இதற்கு முன்பே இத்தகைய டெண்டர்களில் பங்கெடுத்திருந்தால், போட்டிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் உடனே பேசுங்கள். உண்மையை முழுமையாகச் சொல்லி முதலில் வருபவருக்குத் தண்டத்தில் 100 சதவீதம் வரையிலும், இரண்டாமவருக்கு 50 சதவீதம் வரையிலும், மூன்றாமவருக்கு 30 சதவீதம் வரையிலும் ஆணையம் குறைக்கலாம் என்பதால், தாமதத்துக்கு விலை உண்டு. தென் மாநிலங்களுக்கான ஆணையத்தின் மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

சங்கத்திலிருந்தே விலக வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். ஜிஎஸ்டி பற்றி அரசிடம் மனு கொடுப்பதும், மின்கட்டணம் குறித்து முறையிடுவதும், தொழிலாளர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வதும் சங்கங்கள் செய்ய வேண்டிய வேலைகளே. உறுப்பினர்களின் விலையைத் திரட்டிச் சுற்றுக்கு விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. 2012-இல் சிமென்ட் நிறுவனங்கள் வழக்கில் ஆணையம் அவற்றின் சங்கத்தை அந்த வேலையிலிருந்து விலகியிருக்கச் சொன்னது. கூட்டத்தில் ரேட் பேச்சு எழுந்தால் எதிர்ப்பைச் சொல்லி, அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள். இனி ஒவ்வொரு கொட்டேஷனுக்கும் பேப்பர், பசை, மின்சாரம், கூலி, லாபம் என்று கணக்கிட்ட காஸ்டிங் தாளைத் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்; உங்கள் விலையும் அடுத்தவர் விலையும் தற்செயலாக ஒத்துப்போகும் நாளில் ஆணையத்திடம் காட்ட அது வேண்டும்.