செல்வமும் தேக்கமும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

ஜப்பான், இத்தாலி எல்லாம் பணக்கார நாடுகள்தான். ஆனாலும் இறங்குமுகம். சம்பளம் ஏறவில்லை, பிள்ளை பிறப்பது குறைந்துகொண்டே போகிறது. வசதி வந்தால் மனிதனுக்கு உழைக்கும் எண்ணமே போய்விடும் என்று நான் வேலை பார்க்கும் புனலூரிலும் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், செங்கோட்டை

அன்புள்ள தம்பி,

இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915ஐத் தொட்டது. பிறகு சரிந்து, அந்த உயரத்தை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் அங்கே யாரும் சோம்பிக் கிடக்கவில்லை. வேலைப்பளுவால் நேரும் சாவுக்கு இழப்பீடு கொடுக்கவேண்டிய அளவுக்கு உழைக்கிற நாடு அது.

அங்கே நடந்தது வேறு. நிலத்தை அடமானம் பிடித்து வங்கிகள் கடனை அள்ளிக் கொடுத்திருந்தன. நில விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை. நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், தேறாத நிறுவனங்களுக்கே மேலும் கடன் கொடுத்து ஓட்டின. நிறுவனங்களோ உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றிக்கொண்டு, புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்தன. அங்கே படிப்பு முடிந்த கையோடு வேலையில் சேர்ந்துவிட வேண்டும். அந்த வருடத்தை விட்டால் விட்டதுதான். 1993 முதல் பத்து வருடம் போலப் படித்து வெளியே வந்த பிள்ளைகளில் ஏராளமானோர் தற்காலிக வேலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். நிலையான வருமானம் இல்லாமல் எப்படிக் கல்யாணம் செய்வது? ஏற்கெனவே குறைந்திருந்த குழந்தைப் பிறப்பு இன்னும் விழுந்தது. 2008க்குப் பிறகு மக்கள்தொகையே இறங்கத் தொடங்கியது.

இத்தாலியில் சராசரிச் சம்பளத்தின் உண்மை மதிப்பு 1990இல் இருந்ததை 30 வருடம் கழித்தும் தாண்டவில்லை. சேர்த்ததைக் காப்பதே முதல் வேலை ஆகிவிட்டால், வரப்போகிறவனுக்கு இடம் இருக்காது. எனக்குத் தெரிந்து தேக்கம் அங்கேதான் பிடிக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்தின் மக்கள்தொகை 2001க்கும் 2011க்கும் இடையில் சுமார் 3 சதவீதம் குறைந்தது. அங்கே கோழஞ்சேரிப் பக்கம் ஆளில்லாத ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நம்ம தென்காசிக்காரர். சாயங்காலம் முன்பக்கத்து லைட்டைப் போடுவார். வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவார். "இல்லேன்னா எலி வயரைக் கடிச்சிரும்லா அண்ணாச்சி" என்றார். மாடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தைகள். கட்டியவர்கள் வளைகுடா வெயிலிலும் ஆஸ்பத்திரி நைட் டியூட்டியிலும் பாடுபட்டவர்கள். அவர்களையா சோம்பேறி என்பது? சம்பாதித்தது வீடாகவும் நிலமாகவும் நகையாகவும் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு வேலை தரும் தொழிலாக மாறியது கொஞ்சம்தான். அப்புறம் அவர்களும் விமானம் ஏறினார்கள்.

தமிழ்நாட்டிலும் குழந்தைப் பிறப்பு, தலைமுறையை ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே போய் வெகுகாலம் ஆகிறது. ஜப்பான் பணம் சேர்த்த பிறகு முதுமை அடைந்தது. நாம் அந்தச் சேமிப்பு இல்லாமலே அதே பாதையில் போகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. புனலூரில் யாராவது இந்தக்காலப் பிள்ளைகளைக் குறை சொன்னால், அவர் வீட்டுப் பிள்ளைக்கு இப்போது என்ன சம்பளம், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.