தேய்க்காத மரத்துக்கு ரப்பர் என்று ஏன் பெயர்?

கேள்வி: ஐயா, ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகன், "ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்ப்பது. பாட்டி மரத்தைச் சீவித்தானே பால் எடுத்தார்? தேய்க்கவில்லையே, பிறகு ஏன் ரப்பர்?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பையன் சரியான இடத்தில்தான் கத்தியை வைத்திருக்கிறான், அம்மா. தேய்த்ததால் வந்த பெயர்தான். ஆனால் தேய்த்தது மரத்தை அல்ல, காகிதத்தை.

பின்னாளில் ஆக்சிஜனால் பெயர் பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, 1770இல் படம் வரைவது பற்றி ஒரு நூல் எழுதினார். பென்சில் கோட்டைச் சுத்தமாக அழிக்கும் ஒரு பொருள் லண்டனில் நெய்ர்ன் என்பவரிடம் கிடைக்கிறது. அரை அங்குலக் கட்டி மூன்று ஷில்லிங், பல வருடம் உழைக்கும் என்று அதில் குறித்து வைத்தார். அதுவரை ரொட்டித் துண்டால்தான் அழித்துக்கொண்டிருந்தார்கள். தேய்க்கும் கட்டி, அதனால் ரப்பர். பிள்ளையின் பெயர் பிறகு தாய் மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

1877இல் உங்கள் பக்கத்து ஊர் கோல கங்சாரில் ஒன்பது கன்றுகளை நட்டபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது. அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கிறது. மகனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் தோட்டத்தில் ரப்பர் என்று யார் சொன்னார்கள்? மலாய்க்காரர் பிசினைச் சொல்லும் 'கெத்தா'வைக் 'கித்தா' ஆக்கி, கித்தா மரம், கித்தாக்காடு என்றுதானே பேசினோம்! அந்த மலாயிலோ அழிப்பானுக்குப் பெயர் 'கெத்தா பெமாடாம்', அழிக்கும் பிசின். ஆங்கிலத்தில் அழிப்பான் மரத்துக்குப் பெயர் கொடுத்தது. மலாயில் மரத்துப் பால் அழிப்பானுக்குக் கொடுத்திருக்கிறது.

அழிப்பான் வாங்கக் காசில்லாத நாளில் என் அம்மா மரத்தில் பால் பிடிக்கும் மங்கு விளிம்பில் காய்ந்த பாலை உரித்து, உருட்டி, என் கால்சட்டைப் பையில் போட்டுவிடுவார். பச்சை ரப்பர் சூட்டில் இளகும். கந்தகம் சேர்த்துக் காய்ச்சினால் இளகாது என்பதை சார்ல்ஸ் குட்இயர் 1839இலேயே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் தோட்டத்து லய வீட்டில் கந்தகத்துக்கு எங்கே போவது? பத்து மணி வெயிலுக்கு உருண்டை பிசுபிசுத்துவிடும். கணக்கு நோட்டில் தேய்த்தால் தப்பான விடையோடு தாளும் கையோடு வரும். வாத்தியார் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்ப்பார்.