மகள் சர்ஜன் ஆக வேண்டும் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கொருக்குப்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் மகள் சர்ஜன்தான் ஆவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், நமக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோச்சிங்குக்காக வளையலை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வளையல் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும்.

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். பெயரில் சர்ஜன் இருந்தாலும் அது பயிற்சிக் காலம்தான். முதுநிலை நீட் எழுதி எம்.எஸ். மூன்று ஆண்டு படித்தால்தான் அறுவைச் சிகிச்சை நிபுணர். பிளாஸ்டிக் சர்ஜரி, நரம்பு அறுவைச் சிகிச்சை என்று மேலே போக எம்.சிஎச். என்ற உயர் படிப்பு இன்னும் மூன்று. எங்கும் தடைபடாமல் போனாலே 11½ ஆண்டு. 18 வயதில் சேர்கிற பெண் முடிக்கும்போது 30ஐ ஒட்டியிருப்பாள். நடுவில், 23, 24 வயதில், உறவினர்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். அன்று உங்கள் வாயிலிருந்து என்ன பதில் வரும் என்பதை இன்றே நீங்களும் உங்கள் கணவரும் பேசி முடிவு செய்யுங்கள். பணத்தைவிட இந்த இடத்தில்தான் நம் பக்கத்துப் பெண்கள் அதிகம் நின்றுபோகிறார்கள்.

காசிமேட்டில் பிறந்து, தமிழ் வழியில் படித்து சர்ஜன் ஆன ஒருவரை எனக்குத் தெரியும். அப்பா வலை பின்னுகிறவர். எம்.எஸ். முதல் ஆண்டில் ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்காக, அறுத்த இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம் என்பார். இரவில் அறைக்கு வந்து, அப்பாவின் நைலான் நூலைக் கட்டில் காலில் சுற்றி, இடது கையால் மட்டும் முடிச்சுப் போட்டுப் பழகுவாராம். ரத்தத்தில் நனைந்த நூல் வழுக்கும் என்பதால் நூலைத் தேங்காய் எண்ணெயில் தொட்டுக்கொள்வார். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு இன்றும் இருக்கிறது. டாக்டராக விரும்பும் பிள்ளைகளுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "ஒரு நாள் காலையில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் வரிசையில் பாட்டியோடு போய் நில். அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் படி."

நமக்கு அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. இயந்திரத்தில் சிக்கிய கைகளைச் சீராக்கும் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவை டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கேதான் வளர்த்தெடுத்தார். தொழிற்சாலைகளும் துறைமுகமும் சூழ்ந்த நம் பகுதிக்கு அதன் அருமை தெரியும்.

இனி உங்கள் மகளுக்கான வழி. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. இப்படி இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. ஆகவே நடுவில் பள்ளி மாற்றச் சொல்லி யார் வந்தாலும் கேட்காதீர்கள்.

நீட் தேர்வில் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தை வரி வரியாகப் படிக்கட்டும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் என்பதால் குருட்டாம்போக்கில் குறிக்கும் பழக்கம் வேண்டாம். தமிழிலேயே எழுதலாம், ஆனால் கல்லூரியில் அனாடமி என்கிற உடற்கூறியல் ஆங்கிலத்தில்தான் வரும், ஆகவே தினம் பத்து ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

முதல் முறை கிடைக்காவிட்டால் இன்னொரு முறை எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்கு ஆண்டு தொடர்ந்து எழுதிய ஒரு பையனை அறிவேன். ஒரு பயிற்சி மையத்துக்கு வாங்கிய கடனை அவன் அம்மா இன்னும் கட்டுகிறார். பி.எஸ்சி. நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் தொழில்நுட்பம் போன்ற படிப்புகளுக்கும் அதே ஆண்டே விண்ணப்பித்து வையுங்கள்.

சனிக்கிழமை மாலை மகளையும் அழைத்து வாருங்கள். 6ஆம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் சான்றுகள் இருந்தால் எடுத்து வாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிவிடலாம்.